ஒரு பாக்கெட், ஒரு நாள்

புது நோட்டுப் பாக்கெட்டை எண்ண வேண்டியதில்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஹெட் கேஷியர் சார். 1984ஆம் ஆண்டு, கும்பகோணத்தில் ஒரு வங்கிக் கிளையில் காசாளராகச் சேர்ந்து நாலாவது நாள். பஞ்சு டப்பாவில் விரலை நனைத்து நனைத்து, ஒரு ரூபாய்ப் பாக்கெட் ஒன்றை மூன்றாம் முறையாக எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் தடவை 99 வந்தது, அடுத்த தடவை 101. புது நோட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். கை பழகாதவர்களை அழவைத்துவிடும்.

"ஏம்மா, மேல் நோட்டு கடைசி ரெண்டு எண்ணு என்ன?"

"01 சார்."

"அடி நோட்டு?"

"00."

"அப்ப நூறு இருக்கு. நடுவுல யாரும் உருவலையான்னு மட்டும் பாரு. ஓரத்தை விசிறி மாதிரி விரி. எண்ணு படிக்கட்டு மாதிரி ஏறும். எங்கேயாவது ஒரு படி தாண்டுச்சுன்னா நிறுத்து."

விரித்தேன். எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறின. அதுவரை ரூபாய் நோட்டில் எண் இருக்கிறது என்பதையே நான் கவனித்ததில்லை. சிங்க முத்திரை, கையெழுத்து, பின்பக்கம் மொழிகளின் பட்டியல், அதில் தமிழில் எழுதியிருப்பது எல்லாம் தெரியும். ஆனால் அவையெல்லாம் லட்சக்கணக்கான நோட்டுகளில் ஒரே மாதிரி இருப்பவை. ஒரு நோட்டை இன்னொரு நோட்டிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்த எண் மட்டும்தான். அன்றிலிருந்து 38 வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தேன். மேல் எண்ணையும் அடி எண்ணையும் பார்க்காமல் ஒரு புதுப் பாக்கெட்டையும் நான் கொடுத்ததில்லை, ஒன்றைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

சாயங்காலம் கணக்கு முடித்து, ஸ்ட்ராங் ரூமைப் பூட்டி, இரண்டு சாவியும் இரண்டு கைக்குப் போன பிறகு, காபி வரும்வரை கால் மணி நேரம் கிடைக்கும். சார் பாடம் நடத்துவது அப்போதுதான். நம் நோட்டில் ஆறு இலக்க எண். அதற்கு முன்னால் எழுத்தும் எண்ணும் சேர்ந்த முன்னொட்டு. ஒரு முன்னொட்டில் பத்து லட்சம் நோட்டு அடிக்கிறார்கள். 000001இல் தொடங்கி 999999 வரை போகும். அதற்கும் அடுத்த ஒரு நோட்டு உண்டு. அதில் மட்டும் ஏழு இலக்கம்: 1000000.

"நூறு நோட்டு ஒரு பாக்கெட். பத்துப் பாக்கெட் ஒரு பண்டில். ஆயிரம் நோட்டு. ஒவ்வொரு பண்டிலுக்குள்ளேயும் முன்னாலேர்ந்து படிச்சாலும் பின்னாலேர்ந்து படிச்சாலும் ஒண்ணா வர்ற எண் ஒண்ணே ஒண்ணு இருக்கும். எங்கே இருக்குன்னு பிரிக்காமலே சொல்லு பார்க்கலாம்?"

எனக்கு விளங்க இரண்டு நாள் ஆயிற்று. பண்டில் 472001இல் தொடங்கினால் முதல் மூன்று எண் 472. அதைத் திருப்பிப் போட்டால் 274. ஆக 472274. மூன்றாவது பாக்கெட்டில் எழுபத்து நாலாவது நோட்டு. எண்ணி எடுத்தேன், இருந்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கோவில் பிரகாரத்தில் எந்தத் தூணைத் தட்டினால் எந்தச் சுரம் வரும் என்று தெரிந்துகொண்ட மாதிரி. அதே பண்டிலில் 472472 என்ற இரட்டை எண்ணும் ஒன்று இருக்கும். பண்டிலுக்கு ஒன்று, பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ ஆயிரம். 111111, 222222 என்று ஆறும் ஒன்றாக வருவது பத்து லட்சத்தில் ஒன்பதே ஒன்பது. 123456 ஒன்றே ஒன்று. அரிய எண் என்று பிற்பாடு நான் கேட்ட பேச்செல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்கியதுதான்.

சாருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பிடித்த நோட்டு வந்தால் எடுத்துக்கொள்ளலாம்; ஆனால் அதே மதிப்புக்கு நோட்டு உன் கைப்பையில் அந்த நிமிஷம் இருக்க வேண்டும். அதை முதலில் கல்லாவில் போடு, பிறகு இதை எடு. நாளைக்குப் போட்டுவிடலாம் என்ற நினைப்பே வரக் கூடாது. அவர் கைப்பையில் எல்லா மதிப்பிலும் ஒவ்வொரு நோட்டு எப்போதும் தயாராக இருக்கும். நானும் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

கையெழுத்துப் பார்க்கவும் அவர்தான் பழக்கினார். ஒரு ரூபாய் நோட்டு ரிசர்வ் வங்கியுடையது அல்ல, இந்திய அரசுடையது. 1917இல் முதலில் வந்தது. அதில் நிதித்துறைச் செயலாளர்தான் கையெழுத்துப் போடுவார். மற்ற நோட்டில் ரிசர்வ் வங்கி ஆளுநர். 1991இல் மன்மோகன் சிங் நிதியமைச்சரானார் என்று செய்தி வந்த மறுநாள் சார் வீட்டிலிருந்து இரண்டு நோட்டுக் கொண்டுவந்தார். செயலாளராக இருந்தபோது அவர் கையெழுத்திட்ட ஒரு ரூபாய் ஒன்று, ஆளுநராக இருந்தபோது கையெழுத்திட்ட பத்து ரூபாய் ஒன்று. அப்போது ஆளுநராக இருந்த நாகர்கோவில்காரர் வெங்கிடரமணனின் கையெழுத்தும் அதே போல இரண்டு வகையிலும் உண்டு. 1970இல் பி.என். அதார்கர் நாற்பத்திரண்டு நாள்தான் ஆளுநராக இருந்தார். அவர் கையெழுத்துள்ள நோட்டு கண்ணில் படுவது கடினம். 1985இல் அமிதவ் கோஷ் இருபது நாள் இருந்தார். அவர் கையெழுத்தில் நோட்டே வரவில்லை. சார் இதையெல்லாம் உறவுக்காரர்களைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவார்.

அவருடைய மேஜை இழுப்பறையில் பச்சை அட்டை போட்ட ஒரு சின்ன டைரி இருந்தது. அதில் பெயர்கள், எதிரே ஆறு இலக்க எண்கள். கிளையில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் அதில் ஒரு வரி ஏறும். ஆறு இலக்கம் என்பது ஒரு தேதி, அவ்வளவுதான். நாள் இரண்டு, மாதம் இரண்டு, வருஷம் இரண்டு. நான் 1962 ஜூலை 14இல் பிறந்தவள். என் எண் 140762.

அதை எப்படித் தேடுவார் என்று பார்த்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. 140762ஐ யாரும் பத்து லட்சத்தில் தேட வேண்டாம். 140701இல் தொடங்கும் பாக்கெட் வருகிறதா என்று பார்த்தால் போதும். அந்த ஒரு பாக்கெட் முழுக்க ஜூலை 14தான். முதல் நோட்டு 1901இலோ 2001இலோ அன்று பிறந்தவருக்கு, அடுத்தது அதற்கு அடுத்த வருஷத்தில் பிறந்தவருக்கு என்று தொண்ணூற்றொன்பது நோட்டு. நூறாவது மட்டும் அடுத்த மாதத்துக்குப் போய்விடும், 140800. ஒரு பாக்கெட், ஒரு நாள். அந்தத் தேதியில் பிறந்த தாத்தாவும் பேத்தியும் ஒரே காகிதக் கட்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கப்பட்டிருப்பார்கள். கரன்சி செஸ்ட்டிலிருந்து புது நோட்டு ரெமிட்டன்ஸ் வரும் நாளில் சார் பாக்கெட்டுகளின் மேல் நோட்டை மட்டும் பார்த்துக்கொண்டே போவார். முதல் நாலு எண்தான் அவருக்குத் தேவை. அது நாள்காட்டியில் உள்ள தேதியாக இருந்தால் டைரியைத் திறப்பார்.

என் 140762 எனக்கு 1987இல் கிடைத்தது. இரண்டு ரூபாய் நோட்டு. சாரே எடுத்து, என் மேஜைமேல் வைத்து, "ரெண்டு ரூபாய் எடு" என்றார்.

கவுண்டருக்கு வெளியிலிருந்தும் எண் கேட்டு வருவார்கள். மேலக்காவேரியிலிருந்து ஒரு பாய் வருவார். ரமலான் மாதம் பாதி கழிந்ததும் வந்து, "ஏழு எட்டு ஆறு எத்தனை சேர்ந்திருக்கும்மா?" என்பார். 'பிஸ்மில்லா' வாசகத்தின் அரபு எழுத்துகளுக்கு உரிய எண்மதிப்பைக் கூட்டினால் 786 வரும் என்று எனக்கு விளக்கியவர் அவர்தான். 786இல் முடியும் நோட்டு பண்டிலுக்கு ஒன்று, எட்டாவது பாக்கெட்டில் எண்பத்தாறாவது. ஆகவே எனக்கு அது சிரமமே இல்லை. வருஷம் முழுக்க ஒவ்வொன்றாக மாற்றி, ஒரு உறையில் போட்டு வைத்திருப்பேன். அவர் அதே அளவு பணம் கொடுத்து வாங்கிப்போவார். பெருநாள் அன்று பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க. ஒரு நோட்டைக்கூடச் செலவழிக்காமல் குர்ஆன் வைக்கும் பலகையின் கீழே சேர்த்து வைத்திருக்கும் பேத்தி ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துவிடும்.

பெரிய தெருப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவர் இதற்கு நேர் எதிர். எண்ணின் இலக்கங்களை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டினால் எட்டு வரும் நோட்டு அவருக்கு ஆகாது. எட்டு சனியின் எண். புதுக்கணக்கு நாளில் கணக்குப் புத்தகத்தில் வைக்க ஐந்து வரும் நோட்டாகக் கேட்பார். ஒருமுறை முழுப் பாக்கெட்டையே எட்டு இல்லாததாகக் கொடுங்கள் என்று நின்றார். அப்படி ஒரு பாக்கெட் உலகத்தில் கிடையாது. அடுத்தடுத்த ஒன்பது எண்ணில் ஒவ்வொரு கூட்டுத்தொகையும் ஒருமுறை வந்தே தீரும். நூறு நோட்டில் பதினொன்றோ பன்னிரண்டோ எட்டு இருக்கத்தான் செய்யும். காகிதத்தில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, அந்தப் பதினொண்ணை எடுத்துட்டு வேற கொடுத்துடுங்க" என்றார். கொடுத்தேன். அவருக்கு வேண்டாத அந்தப் பதினொன்றில்தான் என் தங்கை மகனின் பிறந்த தேதி இருந்தது.

விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். 1989, மாதக் கடைசி, நல்ல கூட்டம். பித்தளை டோக்கனை நீட்டிய ஒருவருக்குப் பெரிய தொகை கொடுக்க வேண்டியிருந்தது. நூறு ரூபாய்ப் புதுப் பாக்கெட் ஒன்றைப் பிரிக்காமல் எடுத்து, மேல் நோட்டைப் பார்த்து, 999901 என்று படித்து, அடியில் என்ன இருக்கிறது என்று திருப்பிக்கூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன். இரவு அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. 999901இல் தொடங்கும் பாக்கெட்டின் நூறாவது நோட்டு எது? சார் சொன்ன ஏழு இலக்க நோட்டு. 38 வருஷத்தில் என் கைக்கு அது ஒருமுறைதான் வந்தது. மறுநாள் சாரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "மேல் நோட்டைப் பார்த்தே இல்ல? அது போதும். அடுத்த தடவை நீ விடமாட்டே" என்றார். அடுத்த தடவை வரவில்லை.

கிடைத்தவையும் முழுசாகக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் பாக்கெட்டுகளுக்குக் கம்பி ஊசி அடிப்பார்கள். தடித்த ஊசி, இடது பக்கம். அதைப் பிடுங்குவதற்கென்றே என்னிடம் ஒரு மழுங்கிய கத்தி இருந்தது. எவ்வளவு பதமாக எடுத்தாலும் ஒவ்வொரு நோட்டிலும் இரண்டு ஓட்டை. எந்த அரிய எண்ணும் அந்த இரண்டு ஓட்டையோடுதான் என் கைக்கு வரும். அவசரத்தில் பிடுங்கினால் ஓட்டை கிழிசலாகும். 2001இல் ரிசர்வ் வங்கி ஊசி அடிக்கவே கூடாது, காகிதப் பட்டைதான் கட்ட வேண்டும் என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. இதை ஒரு சீர்திருத்தம் என்று யாரும் பெரிதாகப் பேசவில்லை. எனக்கு அது பெரிய விஷயம். மழுங்கிய கத்தியை அன்றே வீட்டுக்குக் கொண்டுபோய்த் தேங்காய் கீற வைத்துக்கொண்டேன்.

சார் டைரியில் பெயரில்லாமல் ஒரு எண் இருந்தது. 221264. பக்கத்தின் தலைப்பில், மற்ற எண்களுக்கெல்லாம் மேலே.

1993 வாக்கில் இரண்டு ரூபாய்ப் பண்டில் ஒன்றில் 221201 வந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பாக்கெட்டை வாங்கி, விசிறி போல விரித்து, அறுபத்து நாலாவது நோட்டை உருவினார். கைப்பையிலிருந்து இரண்டு ரூபாய் எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"யார் பிறந்தநாள் சார்?"

"பிறந்தநாள் இல்லைம்மா" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. அன்று காபி வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார்.

அவர் 1996இல் ஓய்வு பெற்றார். வீட்டில் சாப்பிடக் கூப்பிட்ட அன்று, அவர் மனைவி சமையலறையில் வைத்து என்னிடம் சொன்னார்கள். சாருக்குச் சொந்த ஊர் ராமேஸ்வரம் பக்கம். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயலில் தனுஷ்கோடி கடலுக்குள் போனபோது, பாம்பனிலிருந்து போன ரயிலில் சாரின் அண்ணன் இருந்தார். அந்த ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. உடல் கிடைக்கவில்லை. ஆகவே வீட்டில் ஒரு புகைப்படமும் அந்தத் தேதியும்தான் மிச்சம். "நோட்டுல அந்த எண் வந்தா இவர் கொண்டுவந்து படத்துக்குக் கீழே வைப்பார். ஏன்னு நான் கேட்டதில்லை" என்றார்கள். அதுவரை நாலு நோட்டு வந்திருந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. பெரிய நோட்டில் ஒன்றுகூட வரவில்லை.

ஏன் என்று நானும் அவரிடம் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முன்னொட்டிலும் அந்த எண் ஒருமுறை அச்சாகிறது என்பதை அதற்குப் பிறகு என்னால் சாதாரணமாக நினைக்க முடியவில்லை. நாசிக்கிலோ தேவாஸிலோ இயந்திரம் அந்தத் தேதியைத் தாண்டிக்கொண்டே இருக்கிறது. எங்கோ ஒரு கடையில், ஒரு பேருந்தில், ஒரு பூக்காரம்மாவின் சுருக்குப்பையில் அது இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் பார்த்தால் ஒழிய அது வெறும் ரூபாய்.

2006இல் ஒரு நாள் பத்து ரூபாய்ப் பாக்கெட்டை விரித்தபோது படி தாண்டியது. கை அப்படியே நின்றுவிட்டது. நடுவே ஒரு நோட்டு வேறு எண்ணில், முன்னொட்டுக்கும் எண்ணுக்கும் இடையில் ஒரு நட்சத்திரத்தோடு இருந்தது. அதுவரை அச்சகத்தில் ஒரு நோட்டு பிசகினால் அதே எண்ணை மறுபடி அச்சடித்து அந்த இடத்தில் வைப்பார்கள். அந்த ஆண்டு முதல் பத்து, இருபது, ஐம்பது ரூபாயில் அதற்குப் பதிலாக நட்சத்திர நோட்டு வைக்க ஆரம்பித்தார்கள். பாக்கெட்டின் பட்டையிலேயே அப்படிப்பட்ட நோட்டு உள்ளே இருக்கிறது என்று போட்டிருக்கும். சுற்றறிக்கை வந்திருந்தது, நானும் படித்திருந்தேன். இருந்தும் இருபது வருஷம் ஏறிப் பழகிய படிக்கட்டில் ஒரு கல் வேறு நிறத்தில் இருந்தால் கால் தயங்கத்தானே செய்யும். சேகரிப்பவர்கள் நட்சத்திர நோட்டைக் கொண்டாடினார்கள். எனக்கு அதன்மேல் பெரிய ஒட்டுதல் வரவில்லை. பிழையான நோட்டுக்குப் பதிலாக வந்த நோட்டு அது, பிழையே இல்லாதது. ஆனால் வேண்டுமென்று கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த 2016 நவம்பர் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. பத்தாம் தேதி காலை கதவு திறந்ததிலிருந்து எண்ணைப் பார்க்கக் கண்ணுக்கு நேரமே இல்லை. ஐந்நூறும் ஆயிரமும் மலையாக வந்து விழுந்தன. ஒரு பாட்டி கொண்டுவந்த ஆயிரம் ரூபாய் நோட்டுகள் வரிசை எண் மாறாமல் பதினொன்று; மகன் முதல் சம்பளத்தில் கொடுத்ததாம், பிரிக்காமல் வைத்திருந்தாள். அவள் கணக்கில் பதினோராயிரம் வரவு வைத்தேன். அவள் அந்த நோட்டுகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள், ரசீதை அல்ல. அடுத்த ஆண்டு வந்த சட்டம் ஆய்வுக்கும் நாணயவியலுக்கும் பழைய நோட்டு இருபத்தைந்து வரை வைத்துக்கொள்ளலாம், மற்றபடி பத்துக்குமேல் கூடாது என்றது. பத்து வைத்துக்கொள்ளலாம் என்று அன்று தெரிந்திருந்தால் அவளிடம் ஒன்றையாவது வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன்.

2022இல் ஓய்வு பெற்றேன். மறு ஆண்டு சென்னையில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சிக்கு என் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். விற்க அல்ல. இத்தனை வருஷம் சேர்த்ததற்கு வெளியில் என்ன பெயர், என்ன மதிப்பு என்று தெரிந்துகொள்ள ஆசை.

வியாபாரி முப்பது வயதுப் பையன். ஆல்பத்தைத் திறந்ததும் அவன் முகம் வாடியது. நான் வைத்திருந்தது கல்யாணப் புகைப்படம் ஒட்டும் பசை ஆல்பம். மேலே ஒரு பிளாஸ்டிக் தாள், அடியில் பசை. இருபது வருஷத்தில் அந்தப் பசை நோட்டோடு நோட்டாக ஊறிவிட்டது. அவன் மெல்ல ஒரு ரூபாய் நோட்டு ஒன்றைத் தூக்கப் பார்த்தான். மூலை கிழிந்து ஆல்பத்திலேயே தங்கிவிட்டது. 345543. நானும் சாரும் சேர்ந்து எடுத்த நோட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தான். மைலார் உறை என்று ஒன்று இருக்கிறது, பசை இல்லாதது, நோட்டை அரிக்காதது, அதில்தான் போட வேண்டும் என்று எடுத்துக் காட்டினான்.

பிறகு பொறுமையாக விளக்கினான். அவர்கள் முதலில் பார்ப்பது எண்ணை அல்ல, நோட்டின் நிலையை. ஒரு மடிப்புக்கூட இல்லாமல், மூலை கூர்மையாக இருந்தால் யூஎன்சி. ஒரு மடிப்பு விழுந்தாலும் ஒரு படி இறங்கும். ஊசி ஓட்டை இருந்தால் பழைய நோட்டு என்பதால் மன்னிப்பார்கள், ஆனால் விலையில் தெரியும். நோட்டுக்கு எழுபது வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக்கில் அடைத்துக் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் உண்டு. அப்புறம்தான் எண். 111111 முதல் 999999 வரை ஒன்பதும், அதோடு 1000000மும் சேர்ந்து பத்தாக, ஒரே முன்னொட்டில் இருந்தால் ஏலத்தில் போட்டி நடக்கும். 000001க்கும் அப்படியே. 786 எப்போதும் போகும். 150847 மாதிரி நாடே அறிந்த தேதி இருந்தால் கேட்பார்கள். திருப்பிப் படித்தாலும் ஒன்றாக வரும் எண்ணுக்குக் கொஞ்சம். அதற்கும் மேலே கையெழுத்து, எண் பகுதியில் அச்சாகும் இன்செட் எழுத்து. ஒரே எண், அதார்கர் கையெழுத்தில் இருந்தால் கதையே வேறு.

அவன் சொன்னது எல்லாம் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. சந்தையின் கணக்கு சந்தைக்குச் சரி. வலித்தது வேறு. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், எங்கள் எதிர்வீட்டு அக்கா டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று யாரோ போனில் சொன்னதை நம்பி, 'பதிவுக் கட்டணம்' என்று பணம் கட்டி ஏமாந்தார். அந்த நோட்டு எங்கள் கவுண்டரில் பண்டில் பண்டிலாகப் போன நோட்டு. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில், தன் பெயரைச் சொல்லிப் பழைய நோட்டு வாங்குகிறோம் என்று கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம், தான் அப்படி எதிலும் ஈடுபடுவதில்லை என்று அறிவித்தது. அக்கா என்னிடம் முன்னமே கேட்டிருக்கலாம். கேட்க வெட்கப்பட்டிருப்பார். இந்தப் பையனைப் போல நேரில் உட்காரவைத்து, நோட்டை வெளிச்சத்தில் பிடித்து, இது இவ்வளவுதான் என்று சொல்பவர்கள் இருக்கும் தொழிலில் அந்தப் போன்காரர்களும் புகுந்துவிடுகிறார்கள்.

கடைசிப் பக்கத்தில் பத்து ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. அவன் எண்ணைப் படித்தான். 221264.

"இது சாதா நம்பர்ங்கம்மா. தவறிப்போய்ச் சேர்ந்துடுச்சா?"

சார் 2011இல் காலமானார். காரியம் முடிந்த பிறகு அவர் மனைவி என்னைக் கூப்பிட்டுக் கொடுத்த நோட்டு அது. மற்ற மூன்றும் படத்தின் கீழேயே இருக்கின்றன. அவனிடம் சுருக்கமாகச் சொன்னேன். தனுஷ்கோடி என்றதும் அவன் நிமிர்ந்தான். ஒரு தட்டையான எலும்புக் கத்தியை எடுத்து, பசையிலிருந்து அந்த நோட்டை இழை இழையாகப் பிரித்தான். அரை மணி நேரம் ஆயிற்று. ஓரம்கூடக் கிழியவில்லை. புது உறை ஒன்றில் போட்டு என் கையில் கொடுத்தான். உறைக்குக் காசு வாங்கவில்லை.

என் பேரன் 2024 ஜனவரி 17 அன்று பிறந்தான். அவனுக்கு 170124 வேண்டும். பழைய கிளையில் இப்போது கவுண்டரில் இருக்கும் தம்பியிடம் போய்ச் சொன்னேன். நோட்டை இயந்திரம் எண்ணுகிறது, கள்ள நோட்டா என்று இயந்திரம் பார்க்கிறது, மனிதக் கண்ணுக்கு அங்கே அதிக வேலை இல்லை. "பாக்கெட் மேல் நோட்டுல முதல் நாலு எண் 1701ன்னு இருந்தா போதும் தம்பி" என்றேன். அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டினார். மரியாதைக்குச் செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்து, போன ஆடி மாதம், போன் வந்தது. "மேடம், 1701 வந்துடுச்சு. பத்து ரூபாய்."

போனேன். பட்டை பிரிக்காமல் வைத்திருந்தார். நான் பத்து ரூபாயை முதலில் கவுண்டரில் வைத்தேன். பிறகு பாக்கெட்டை வாங்கி விசிறி போல விரித்தேன். இருபத்து நாலாவது நோட்டு, ஊசி ஓட்டை இல்லாமல், மடிப்பில்லாமல். அவர் நான் விரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். கணினிக்குப் பக்கத்தில் நான் கொடுத்த எண் இருந்த காகிதத்தில் இப்போது ஏழெட்டு எண் இருந்தது. கிளையில் மற்றவர்கள் எழுதச் சொன்னதாம். ஒன்று அவர் மகளுடையது.

"இன்னும் ஒண்ணு எழுதிக்கிறீங்களா தம்பி? 2212. அதுல அறுபத்து நாலாவது. நூறு ரூபாய் நோட்டுல."

அவர் பேனாவைத் திறந்தார். எழுதிக்கொண்டே கேட்டார்:

"யார் பிறந்தநாள் மேடம்?"